விலக்கு என்ற சொல்லும் விலக்கிய சொற்களும்



கடற்கரைப் பக்கமிருந்து மின்சார ரயிலில் இங்கே வந்தவர்கள், வண்டலூருக்கு மூன்று நிறுத்தம் முன்னால் தாம்பரம் சானடோரியத்தைக் கடந்திருப்பீர்கள். என் ஆயா அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "தாம்பரத்துக்கு முந்துன டேசன்" என்பார். அங்கே காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. பெயரைச் சொன்னால் நோய் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொள்வேன். இப்படி வாயால் சொல்லாமல் விடுவதற்கும் கையால் தொடாமல் விலகுவதற்கும் சேர்த்து ஆங்கிலத்தில் டாபூ என்று ஒரே சொல் இருக்கிறது. தமிழில் அதற்கு என்ன சொல்?

டாபூ ஆங்கிலேயர் வீட்டில் பிறந்த சொல் அல்ல. 1777இல் கேப்டன் ஜேம்ஸ் குக் தம் மூன்றாவது கடற்பயணத்தில் பசிபிக் பெருங்கடலின் டோங்கா தீவுகளில் தங்கியபோது கேட்டு எழுதிவைத்தது. தீவுக்காரர்கள் தபு என்றார்கள். மாவோரி மொழியிலும் தபுதான்; ஹவாயில் அது கபு. வழிபாட்டு இடமும் தபு. பிணத்தைத் தொட்டவன் கையும் தபு, அந்தக் கையால் அவன் சோறு எடுத்துத் தின்னக்கூடாது. டோங்காவின் பெரிய தீவுக்கே டோங்காதபு என்று பெயர். ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்பது கபு. 1819இல் மன்னர் லிஹோலிஹோ பெண்களோடு அமர்ந்து உண்டார். அந்த ஒரு விருந்தோடு பழைய கபு ஏற்பாடே சரியத் தொடங்கிவிட்டது. தபுவில் புனிதமும் அச்சமும் பிரியாமல் இருந்தன. ஆங்கிலத்துக்குள் வந்து நாளாக ஆகப் புனிதம் உதிர்ந்து, பேசக்கூடாதது, செய்யக்கூடாதது என்ற பாதிதான் மிஞ்சியது.

நம் அகராதிகள் டாபூவுக்கு விலக்கு என்று எழுதுகின்றன. நல்ல சொல்தான், ஆனால் சிக்கலானது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்த மதுவிலக்கில் அது தடை. வரிவிலக்கில் அதுவே சலுகை. தென்மாவட்டங்களில் ஊருக்குப் பாதை பிரியும் பஸ் நிறுத்தமும் விலக்குதான். வீட்டுவிலக்கு என்னும்போது ஒரு பெண் கொல்லைப்புறத்துக்குப் போகிறாள். தபுவின் இரண்டு முகத்தையும் முன்பு தாங்கியிருந்த தமிழ்ச் சொல் அணங்கு. சங்கப் பாடல்களில் அது தெய்வம், வருத்தம், நெருங்க அஞ்சும் ஆற்றல் எல்லாமே. மலையிலும் அணங்கு உண்டு, கடலிலும் உண்டு. இன்று அந்தச் சொல்லில் அழகான பெண் மட்டுமே மீதி இருக்கிறாள்.

ஆனால் சொற்களை விலக்கும் வழக்கத்தைப் பற்றி குக்குக்குப் பல நூற்றாண்டு முன்பே நம் இலக்கணம் யோசித்திருக்கிறது. அவையில் சொல்லத்தகாததை அவையல் கிளவி என்றது தொல்காப்பியம். பவணந்தி முனிவர் நன்னூலில் இதைத் தகுதி வழக்கு என்று மூன்றாகப் பிரித்தார். கால் கழுவி வந்தேன் என்பது இடக்கரடக்கல். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. இந்தப் பகுப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. விளக்கை அணை என்று சொல்ல மனம் வராமல் அமர்த்து என்றதும், அம்மை கண்ட வீட்டில் அம்மா வந்திருக்கிறாள் என்றதும் பண்பட்ட மனத்தின் வேலை.

எனினும் ஒரு குறை எனக்குத் தோன்றுகிறது. இந்த இலக்கணம் கேட்பவர் காதைப் பற்றிக் கவலைப்பட்டது. மறைத்த சொல்லால் யாருக்குக் காயம் என்று கேட்கவில்லை. துஞ்சினார் என்ற சொல் அழுகிறவரைத் தேற்றும். மாதவிலக்கைக் குறிக்கும் தூரம் என்ற சொல்லோ ஒரு சிறுமியை அவள் வீட்டிலிருந்தே தள்ளி நிறுத்தும். இரண்டும் மறைப்புத்தான், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

சானடோரியத்துக்குத் திரும்புவோம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் அதைத் தொடங்கியபோது காசநோய்க்கு மருந்து கிடையாது. திறந்த காற்று, ஓய்வு, சத்துணவு இவைதான் வைத்தியம். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து வைப்பதற்கு அன்று காரணம் இருந்தது. மருந்து வந்த பிறகு, 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. ஒரு பகுதி நோயாளிகளுக்கு சானடோரியத்திலும், மறுபகுதிக்கு நெரிசலான அவரவர் வீடுகளிலும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றிய முடிவு அது. விலக்கி வைக்கத் தேவையில்லை என்று சென்னை நிரூபித்தது. சொல்லின் மீதிருந்த விலக்கு மட்டும் நீங்கவில்லை.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில்தான் கண்டறியப்பட்டது. தொண்ணூறுகளில் வேறிடங்களில் சேர்த்துக்கொள்ளப்படாத நோயாளிகளுக்குத் தாம்பரம் ஆஸ்பத்திரி படுக்கை கொடுத்தது. எயிட்ஸ் என்று யாரும் சொல்லவில்லை, "அந்த நோய்" என்றார்கள். சானடோரியம் என்ற பெயர் இரண்டாம் முறை தாழ்ந்த குரலுக்கு இறங்கியது. 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் இதில் ஒன்றைத் திருத்தியது. ஒருவருடைய தொற்றை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. அதைக் காட்டி வேலையையோ வைத்தியத்தையோ மறுக்கவும் கூடாது. ஊர் கையிலிருந்த மறைப்பு, நோயாளி கைக்கு வந்திருக்கிறது. நன்னூலின் மூன்றோடு நான்காவதாக ஒரு தகுதி வழக்கைச் சேர்க்க எனக்கு உரிமை இருந்தால் இதைத்தான் சேர்ப்பேன்.

ஆயா இறந்து பதினாறாம் நாள் காரியத்தின்போது, வயதான உறவினர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: ஆயாவின் தம்பி ஒருவர் சானடோரியத்தில் எட்டு மாதம் படுத்திருந்து அங்கேயே போய்ச் சேர்ந்தாராம். வீட்டிலிருந்து போய்ப் பார்த்தது ஆயா ஒருத்திதானாம், அதுவும் யாருக்கும் தெரியாமல். அவர் பெயர் என்ன என்று கேட்டேன். அங்கிருந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.