தெருவுக்கு வந்த பள்ளிக்கூடம்

இன்று கல்வியியல் பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே, உங்களுக்குப் பாராட்டுகள், கட்டணம் கட்டிய பெற்றோருக்கு இன்னும் பெரிய பாராட்டு. கறுப்பு அங்கிக்குள் புழுங்கிக்கொண்டிருப்பீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கல்வித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், பிள்ளையை மெட்ரிக்கில் போடலாமா, சிபிஎஸ்இ நல்லதா? இல்லை, வீட்டிலேயே வைத்து ஆன்லைனில் படிக்க வைக்கலாமா?" அரசுப் பள்ளியின் பெயர் அந்தப் பேச்சில் எட்டிக்கூடப் பார்க்காது. கேட்கிறவர் சில சமயம் அரசுப் பள்ளி ஆசிரியராகவே இருப்பார்!

வீட்டுக் கல்வி புதிதல்ல. நம் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நின்று வீட்டில்தான் படித்தார். ஆனால் அவரை டாக்டராக்கியது வீட்டுத் திண்ணை மட்டுமல்ல. ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில், எதிர்ப்பையும் மீறி புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடம் கொடுத்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் பட்டம். பொதுக் கல்லூரியின் கதவு திறக்காமல் போயிருந்தால் அந்த வீட்டுப் படிப்பு வீட்டோடு முடிந்திருக்கும்.

அரசுப் பள்ளிக்கு மாற்று உண்டா என்று இன்று நாடெங்கும் கேட்கிறார்கள். புதுக்கோட்டை 1991-இல் ஒரு விடை சொன்னது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் வந்தபோது இங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அரசும் அறிவியல் இயக்கத் தோழர்களும் கைகோத்தார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் அரிக்கேன் விளக்கோடு தெருத் தெருவாகப் போனார்கள். பகலெல்லாம் கல்குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள் இரவில் தங்கள் பெயரை எழுதினார்கள். எழுத்தோடு நிற்கவில்லை. வகுப்புக்கு வரவும் போகவும் கால் வேண்டுமே! சைக்கிள் கற்றுக்கொடுப்பதும் பாடத்திட்டமாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். "பொம்பளை சைக்கிள் விடுறதா?" என்று டீக்கடையில் கேலி பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம் என்று அதிலும் ஒரு லாபம் கண்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதினார். அந்தக் கட்டுரை வடநாட்டுப் பிள்ளைகளின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலேயே இடம்பெற்றது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். நமக்குத் தேவையான மாற்று, அரசுப் பள்ளியை விட்டு ஓடுவதல்ல. அரசுப் பள்ளியே மதில் தாண்டி மக்களிடம் போவது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டமும் அதே பாதைதான். கொரோனா காலத்தில் செல்போன் இருந்த பிள்ளை படித்தது. இல்லாத பிள்ளை ஆடு மேய்த்தது. இழந்த பாடத்தை மீட்கத் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவில்தான் உட்கார வேண்டியிருந்தது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு உண்டே என்பீர்கள். இடம் கிடைத்த பிள்ளைக்கு நல்லது. நான் குறை சொல்லவில்லை. கிடைக்காத பிள்ளையின் பொறுப்பு யாருடையது? அறிவொளி வந்து இருபது ஆண்டுக்குப் பிறகும், 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 77 சதவீதம்தான். இயக்கம் ஓய்ந்ததும் வேகம் ஓய்கிறது. திருவிழா போல வந்து போகிற எதுவும் பள்ளிக்கூடத்துக்கு ஈடாகாது. அன்றாடம் திறக்கிற பள்ளியும் வேண்டும், அந்த இயக்கத்தின் வேகமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டக்கூடியவர்கள் நீங்கள்தான்.

கொஞ்சம் உபதேசம், வயதானவனுக்கு அந்த உரிமை உண்டு. தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்கிறவர்கள், கட்டணம் கட்டாமல் வந்த பிள்ளையைக் கடைசி வரிசைக்குத் தள்ளாதீர்கள். அரசுப் பள்ளிக்குப் போகிறவர்கள், வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழித்துவிட்டு உட்காராதீர்கள். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போங்கள். ஏன் வரவில்லை என்று அம்மாவிடம் கேளுங்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால் உங்களுக்கு இன்னொரு மாணவி கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். அவருக்கும் சேர்த்து ஒரு சிலேட்டு எடுத்துப் போங்கள்.