சுமை இறக்கிய இடங்கள்



காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி, "திருப்புட்குழிக்கு ஒரு டிக்கெட்" என்றேன். கண்டக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாலுச்செட்டியா சார்?" என்றார். திருமங்கையாழ்வார் பாடிய ஊரை, ஒரு செட்டியாரின் சத்திரம் பின்னால் தள்ளிவிட்டது! எனக்கு இதில் வருத்தமில்லை. வழிநடையாக வந்தவனுக்குச் சோறும் திண்ணையும் கிடைத்த இடம்தானே மனசில் நிற்கும்?

புள் என்றால் பறவை. புள்ளோடு குழி சேர்ந்தால் புட்குழி. ஜடாயுவுக்கு இராமபிரான் இறுதிக்கடன் செய்த இடம் என்கிறது தலபுராணம். குளமும் ஜடாயு தீர்த்தம். வைத்தீசுவரன் கோயிலுக்குப் புள்ளிருக்குவேளூர் என்று பேர். அங்கும் ஜடாயு குண்டம் உண்டு. பறவை எங்கே விழுந்தது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. போனால் நீங்கள் என்னைக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க விடமாட்டீர்கள்.

நான் பேச வந்தது வழிநடைக்காரனின் சுமையைப் பற்றி, அதனால் பேர் பெற்ற ஊர்களைப் பற்றி. முதலில் கனடாவுக்குப் போவோம். 1670-இல் லண்டனில் ஹட்சன் பே கம்பெனி பட்டயம் வாங்கியது, கனடாவின் பீவர் என்ற விலங்கின் தோலுக்காக. பிரெஞ்சு வியாபாரிகளும் அதே தோலுக்காக மரப்பட்டைப் படகில் ஆறு ஆறாகப் போனார்கள். அருவி குறுக்கிட்டால்? படகையும் மூட்டையையும் தோளில் தூக்கிக்கொண்டு, அந்த மண்ணின் பழங்குடிகள் போட்டு வைத்த ஒற்றையடிப் பாதையில் நடை! அந்தத் தூக்கு நடைக்குப் பிரெஞ்சில் போர்ட்டேஜ். அசினிபோயின் ஆற்றுக்கும் மானிட்டோபா ஏரிக்கும் நடுவே அப்படி நடந்த இடம் இன்று போர்ட்டேஜ் லா பிரெய்ரி என்ற நகரம்.

அவர்கள் தூக்கியதற்குப் பேர் வைத்தார்கள். நாம் இறக்கியதற்கு வைத்தோம். திருப்புட்குழிப் பக்கம் போகும் பெங்களூர் ரோட்டிலேயே மேற்கே போங்கள். காவேரிப்பாக்கம் பக்கம் சுமைதாங்கி என்றே ஓர் ஊர்.

சுமைதாங்கியைப் பார்த்திருக்கிறீர்களா? நட்டுக்க இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமைக்காரன் குனிய வேண்டாம், "ஒரு கை பிடிங்க அண்ணே" என்று யாரையும் கூப்பிட வேண்டாம். அப்படியே மூட்டையைச் சரிக்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது நம் பக்கத்து வழக்கம். அவள் இறக்கி வைக்காத சுமைக்காக!

உங்கள் வரப்பில் அப்படியொரு கல் சாய்ந்து கிடந்தால், வாசற்படிக்குப் பெயர்த்து எடுத்துவிடாதீர்கள். யாருக்காக நட்டது என்று வீட்டுப் பாட்டியை இன்றைக்கே கேளுங்கள்.