மொஹினின் குதிரைகள்



மறைந்தவர் விட்டுச்சென்றது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதற்காகத்தான் நினைவுச் சொற்பொழிவுகள் நடக்கின்றன. அதே கேள்வியோடு இன்று உங்களைக் கொல்கத்தாவுக்கு அழைத்துப் போகிறேன்.

1970களின் நடுவில் அங்கே ஏழு இளைஞர்கள் ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். பெயர் 'மொஹினேர் கோராகுலி', அதாவது மொஹினின் குதிரைகள். ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். குழுவின் மையம் கௌதம் சட்டோபாத்யாய். நக்சல்பாரி அரசியலில் ஈடுபட்டுச் சிறை சென்று மீண்டவர். வங்காளியில், தங்கள் நகரத்தையும் காலத்தையும் பாடினார்கள். மேற்கின் ராக் இசையோடு பாவுல் மெட்டும் சேர்ந்து ஒலித்தது. கௌதம் தன் இசையை 'பாவுல் ஜாஸ்' என்றே சொன்னார்.

1977 முதல் 1979 வரை மூன்றே இசைத்தட்டுகள். கேட்டவர்கள் குறைவு. 1981இல் குழு கலைந்தது.

1995இல் கௌதம் ஒரு தொகுப்போடு திரும்பி வந்தார். அதில் அடுத்த தலைமுறையினரின் பாடல்களுக்கும் இடம் கொடுத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்: தன் பெயரை இளையவர்கள் ஏறி நிற்கும் மேடையாக்கினார். 1999இல் மறைந்தார். வங்காளி ராக் குழுக்கள் பெருகின. 2006இல், அந்த 1995 தொகுப்பின் ஒரு பாடல் மெட்டு 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் வழியாக நாடெங்கும் போனது.

தோழர்களே, கதையை இங்கே முடித்தால் அது பாதிக் கதை. பாவுல் மெட்டு யாருடையது? சாதியை மறுத்து, ஏக்தாராவோடு ஊர் ஊராக நடந்தவர்களுடையது. அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலும் ஏழை முஸ்லிம் குடும்பங்களிலும் பிறந்தவர்கள். லாலன் ஃபக்கீர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாதியைக் கேள்வி கேட்டுப் பாடியவர். குழுவின் ஏழு பேர் பெயரும் வரலாற்றில் இருக்கிறது. அந்த மெட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த எத்தனையோ பேரின் பெயர் இல்லை.

இதைக் குழுவின் மீதான குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பறையை மேடையில் ரசித்துவிட்டு, பறையடித்தவரைத் தெருவிலேயே நிறுத்திய ஊர்க்காரர்கள் நாம். அதனால் இந்தக் கேள்வி நமக்கு உறைக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பாட்டு பிடித்தால் பாடியவர் பெயரோடு நிற்காதீர்கள். அது புறப்பட்ட தெருவரை போங்கள். அங்கே இருப்பவரின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.