குட்டி ராடு

போடிநாயக்கனூரில் ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறி நெருக்கியடித்து உட்கார, போடிமெட்டு வளைவுகளில் உறுமிக்கொண்டு ஏலக்காட்டுக்குப் போகும். எந்த வண்டிக்குக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்லிவிடுவேன். வீட்டில் இதற்குப் பாராட்டெல்லாம் கிடையாது.

காட்டுப் பாதையில் ஓடுகிற ஜீப் வகை வண்டியை வாங்குவது, ஓட்டுவது, பராமரிப்பது, இந்த மூன்றையும் பேச வானொலியில் ஏழு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். வாங்குவதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். மலைக்கும் மண்ணுக்கும் என்றால், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா என்று கேட்டு வாங்குங்கள். வெளியே பார்த்தால் தெரியாது. மஹிந்திரா தாரிலேயே 2023 முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியும் வருகிறது. நான் இன்று பேச வந்த சாமான் அதில் இல்லை.

அந்தச் சாமான், கியர் ராடுக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டி ராடு. 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் ஜீப் செய்தபோது அதில் இப்படி இரண்டு குட்டி ராடு வைத்தார்கள். ஒன்று முன்சக்கரத்தைச் சேர்க்க, இன்னொன்று வேகத்தை இறக்கிப் பலத்தை ஏற்ற. இப்போதைய வண்டிகள் பலவற்றில் ஒரே ராடு இரண்டு வேலையும் பார்க்கிறது. ‘லோ’வுக்குத் தள்ளினால் இன்ஜின் சுற்றுவது அதேதான். சக்கரம் சுற்றுவது ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும், இழுக்கும் பலம் அதே அளவு கூடும். முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டுப் பாருங்கள். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா வெற்றிலை மென்றபடி பேசிக்கொண்டே நடந்து வரலாம்.

இதன் அருமையை நான் கண்டது கொழுக்குமலையில். மலை இருப்பது தேனி மாவட்டத்தில்தான், ஆனால் ஜீப் ஏறுகிற வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. கிட்டத்தட்ட எட்டாயிரம் அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம். வழி என்று மரியாதைக்குச் சொல்கிறேன், நெடுக உருட்டிவிட்ட கல். பாதியில் நின்றுபோன ஒரு ஜீப்புக்குக் கிராஸ், அதாவது சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டின் மூட்டு, மாற்றிக் கொடுத்துவிட்டு, அங்கேயே வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவரோடு இறங்கினேன். முன்சீட்டில் இருந்த சென்னைக்காரர், “அண்ணே, பிரேக்கைப் பிடிங்கண்ணே!” என்று அலறினார். அண்ணன் பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்துக் காட்டினார். செருப்பைக்கூடக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். லோவில் முதல் கியர். நிறைமாதக்காரி படியிறங்குவது மாதிரி வண்டி ஒவ்வொரு கல்லாக இறங்கியது.

பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு கல்மேல் சறுக்கியிருக்கும். பூட்டின முன்சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. இன்ஜின் இழுத்துப் பிடிக்கும்போது சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதனால் வண்டி நம் கையில் இருக்கும்.

அந்த அண்ணனின் கட்டைவிரலையும் பார்த்தேன். ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே, மேலாக்கில் கிடந்தது. பழைய ஜீப்பில் விரலை உள்ளே சுற்றிப் பிடித்தால், சக்கரம் கல்லில் மோதி ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும்போது நடுக்கம்பி விரலைப் பதம் பார்த்துவிடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி இதை வாயால் சொல்லவில்லை, ஸ்பானரால் விரலில் தட்டிச் சொன்னார்.

தார் வைத்திருக்கும் தம்பிகளே, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். வளைவில் முன்சக்கரம் போகிற தூரம் வேறு, பின்சக்கரம் போகிற தூரம் வேறு. மண் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க வழியில்லாமல் முறுக்கு முழுவதும் பல்சக்கரத்திலும் கிராஸிலும் ஏறும். ராடும் திரும்ப வராமல் இறுகிக்கொள்ளும். அப்படி இறுகினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும்.

இதற்கு நேர் எதிராகவும் ஆள் உண்டு. இரண்டு வருஷம் ஆன பளபள வண்டியோடு ஒரு தம்பி வந்தார். டாப்ஸ்லிப் போகிறாராம், ராடு அசையவில்லையாம். “இதுக்கு முன்னாடி எப்போ போட்டீங்க தம்பி?” என்றேன். “போட்டதே இல்லைண்ணே.” அசைக்காத சாமான் துருவேறி நின்றிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, ஆட்டி, ஒரு மத்தியானம் போயிற்று. மாசம் ஒருமுறை மண்பாதையில் கொஞ்ச தூரம் போட்டு ஓட்டியிருந்தால் அந்தக் கூலி அவர் பையிலேயே இருந்திருக்கும்.

தண்ணீர் பற்றியும் கேட்டிருந்தார்கள். தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று கணக்கு, முழங்காலுக்கு மேலே வரும். தண்ணீர் இழுத்து ஓடுகிறது என்றால் அந்தக் கணக்கை நம்பி இறங்காதீர்கள். கொட்டக்குடி ஆற்றுக்குள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்த ஒருவர், மறுவாரம் பின்னால் சத்தம் என்று வந்தார். ஆக்சில் நட்டைக் கழற்றினேன். வடிந்த ஆயில் அசல் டீக்கடை டீ நிறம். நான் டம்ளர் தேடினேன், அவர் சிரிக்கவில்லை. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்று போய்வர மேலே ஒரு சின்னத் துளை உண்டு. அது சேறு அடைத்திருந்தால் உறிஞ்சுவது நிச்சயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். டயரைத் தொடவே இல்லையே! சேற்றுக்கும் மணலுக்கும் முப்பது சொச்சம் இருக்கும் காற்றை இருபது வரை இறக்குங்கள், தார் ரோட்டுக்கு ஏறுமுன் நிரப்பிவிடுங்கள். இன்று சாயங்காலமே மண்பாதையில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அந்தக் குட்டி ராடை ஒருதரம் தள்ளிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். அசையவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், பட்டறை திங்கட்கிழமைதான் திறக்கும்.