உட்கார்ந்துதானே வந்தீங்க?



உடம்பு அதிகம் தேய்வது நின்று உழைப்பவர்க்கா, உட்கார்ந்து உழைப்பவர்க்கா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார். "உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்கு என்னய்யா வலி?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. நான் ஒரே ஒரு ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். லாரி டிரைவர்.

சங்ககிரியில லோடு ஏத்திக்கிட்டு டெல்லிக்குப் புறப்படுகிறார். 2000 கிலோமீட்டருக்கு மேலே. உட்கார்ந்துதான் போகிறார், ஒத்துக்கிறேன். ஆனா எப்படி உட்கார்ந்திருக்கார்? இடது கால் கிளட்ச் மிதிக்குது, ஒரு கை கியர் மாத்துது, பார்வை ரோட்டை விட்டு நகர முடியாது. நம்ம முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒன்று இருக்கு. டாக்டர்கள் டிஸ்க் என்பார்கள். அதற்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. உடம்பு அசைந்து, அது அமுங்கி விரிந்தால்தான் அதற்குச் சாப்பாடு. இவரோ மணிக்கணக்கில் ஒரே இருப்பு!

அதோடு குலுக்கல். உட்கார்ந்திருக்கும் மனிதனை விநாடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் ஆட்டினால் முதுகெலும்பு ரொம்ப மோசமாகக் குலுங்கும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினா உயர உயரப் போகும் பாருங்க, அந்தக் கதைதான். லாரி சீட்டின் ஆட்டம் பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒட்டியே வருது. ஊர் போய்ச் சேர்ந்ததும், விறைச்சுப்போன அதே முதுகோட கேபின்லேயிருந்து குதிக்கிறார். முழங்கால் என்ன ஆகும்? அப்புறம் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டணும், அவிழ்க்கணும். தோள்பட்டை கழன்றுபோகும்.

என்னிடம் படித்த ஒரு பையனின் அப்பா டிரைவர். கல்லூரிக்கு வந்தார். நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றேன். "வேணாங்கய்யா. நின்னுக்கிறேன், உட்காரத்தான் முடியலை" என்றார். "டாக்டர்கிட்டே காட்டலையா?" "காட்டினா ஒரு மாசம் ஓட்டாதேம்பாரு. ஓனர் வேற ஆளைப் போட்டுருவாரு. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு ஓட்டுறேங்க." "வீட்டிலே சொல்லுங்களேன்" என்றேன். சிரித்தார். "உட்கார்ந்துதானே வந்தீங்கன்னு கேக்குறாங்கய்யா."

எதிரணித் தலைவரே, நீங்க கேட்ட அதே கேள்வி! (கைதட்டல்)

1961-லேயே சட்டம் எழுதினாங்க. நாளைக்கு 8 மணி நேரம், தொலைதூரம்னா 10 வரை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையிலே அரை மணி ஓய்வு. ஆனா நடைக்கு இவ்வளவுன்னு கூலி பேசினா, நிற்கிற அரை மணியும் நட்டம்தானே? ஜெர்மனியில், வருஷக்கணக்கா உட்கார்ந்தபடி குலுங்கியதால் வரும் இடுப்பு முதுகுத்தண்டுக் கோளாறை 1993-ல் தொழில்நோய்ப் பட்டியலிலேயே சேர்த்தார்கள். இங்கே, 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். நல்லது, வரவேற்கிறேன். வேர்வை போகும். குலுக்கல்?

தமிழ் வாத்தியார் ஒரு சங்கச் செய்தி சொல்லாமல் இறங்கினா நடுவர் கோபிப்பார். புறநானூற்றில் உப்பு வணிகர் வண்டியின் அடியில் ஒரு 'சேம அச்சு' கட்டியிருக்கும். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள. அதியமான் மகனை அந்தச் சேம அச்சு என்றே பாராட்டுகிறார் ஔவையார். இன்றைய லாரிக்கும் ஸ்டெப்னி இருக்கு. டிரைவர் முதுகுத்தண்டுக்கு?

இதை டிரைவர் வீட்டிலும் பார்த்துக்கிட்டிருப்பீங்க. அம்மா, அவர் வந்ததும் எங்கே வலிக்குதுன்னு கேளுங்க. இடுப்பிலேயிருந்து காலுக்கு வலி இழுக்குது, பாதம் மரத்துப்போகுதுன்னு சொன்னா, மெடிக்கல் மாத்திரையோட விட்டுடாதீங்க. டாக்டர்கிட்டே கூட்டிப் போங்க. ஓனர்மார்களும் கேட்டுக்கிட்டிருந்தா, அந்த ஒரு மாசம் அவர் இடத்தை அவருக்கே வைத்திருங்கள்.

நடுவர் மணியைத் தொட்டுட்டார். நான் வண்டியை ஓரங்கட்டுகிறேன்.