நாதுலா வழியில் பனிச்சரிவு

ஜாதவ்பூர்ப் பகுதியில் வாழும் தமிழன்பர்களுக்கு விடுமுறை என்றதும் நினைவுக்கு வரும் ஊர்களுள் காங்டாக் ஒன்று. இரவு சியால்தாவில் ரயில் ஏறினால் காலையில் நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து மோட்டார் வண்டி. அடுத்த நாள் சாங்கு ஏரி. அதற்கும் மேலே, சுமார் 14,000 அடி உயரத்தில், நாதுலாக் கணவாய். குழந்தைகள் ஒருமுறையேனும் பனியைக் கையில் அள்ளிப் பார்க்கட்டும் என்பதே பெற்றோர் பலரின் ஆசை.

அவ்வழியில்தான் 2023 ஏப்ரல் 4ஆம் நாள் நண்பகலையொட்டிப் பனி சரிந்து, சுற்றுலாச் சென்றவர்களுள் ஏழு பேர் மாண்டனர். அன்று 13ஆம் மைல் வரை செல்லவே அனுமதிச் சீட்டு தரப்பட்டதாகவும், பயணிகள் அதைக் கடந்து சென்றதாகவும் காவல்துறையினர் கூறினர்.

மார்கழிப் புல்லின் நுனியில் நிற்கும் துளியும் பனி. இமயத்தின் வெண்குவியலும் பனி. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்லாய் அமைந்ததாலோ என்னவோ, அதை மெத்தென்ற பொருளாகவே எண்ணுகிறோம். காற்றில் இறுகிய பனி ஒரு கன மீட்டர் 300 கிலோவுக்கு மேலும் கனக்கக்கூடும்.

ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. கடுங்குளிரில் அடியிலுள்ள அடுக்கு சில வேளை ரவையைப் போல் மணல் மணலாக மாறிவிடும். ஒட்டாதிருக்க அப்பளங்களுக்கிடையே மாவு தூவுகிறோமல்லவா? அவ்வாறே மேலடுக்குக்குக் கீழே பிடிப்பற்றுப் போகிறது. சரிவு 30 முதல் 45 பாகை வரை இருந்து, புதுப்பனியின் பாரமோ மனிதனின் காலடியோ மேலே விழுந்தால், மேலடுக்கு பலகைபோல் பிளந்து வழுக்கிவிடும். வசந்தகால வெயிலும் பனியை நனைத்துத் தளர்த்துகிறது. கூச்சலிட்டால் பனி சரியும் என்பது மட்டும் சினிமாக் கதை! புயல் ஓய்ந்து வானம் வெளுத்த முதல் நாளே நமக்கு மனங்கவர்ந்த நாள். பாரம் ஏறிய சரிவு இன்னும் நிலைகொள்ளாத நாளும் அதுவே.

புதைந்தவரைக் கால் மணிக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரை மணி கடந்தால் மூச்சடைத்துப் பெரும்பாலோர் இறந்துவிடுவர். 2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டனர். தமிழ்நாட்டவரும் அவர்களுள் இருந்தனர். ஆறு நாள் கழித்து ஹனுமந்தப்பா என்னும் வீரர் உயிருடன் மீட்கப்பட்டது பேரதிசயம். அவரும் 11ஆம் நாள் டில்லி மருத்துவமனையில் காலமானார்.

ஆகவே வண்டியோட்டி ஓரிடத்தில் நிறுத்தி, "இதற்குமேல் வேண்டாம்" என்றால், கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். செங்குத்துச் சரிவின் அடியில் நின்று படம் எடுக்க வேண்டாம். புதிதாகச் சரிந்த பனிக்குவியல் பக்கத்துச் சரிவில் தென்பட்டாலோ, காலடியில் 'தொம்' என்று ஓசை எழுந்து விரிசல் ஓடினாலோ, வந்த வழியே திரும்புக. கண்ணெதிரே ஒருவர் புதையுண்டால், அவரைக் கடைசியாகக் கண்ட இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேலும் பனி சரியுமா என்று பார்த்துக்கொண்டு, அவ்விடத்துக்குக் கீழ்ப்புறமாகத் தேடித் தோண்ட வேண்டும். ராணுவத்தினர் வரும்வரை காத்திருந்தால் அந்தக் கால் மணி கழிந்துவிடும்.