கையறிவை எழுத்தில் தருவோம்



நம் குடியிருப்புத் தாய்மார் சிலர் மதுரைச் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கின்றனர். அண்டையிலுள்ள மெட்டியாபுரூஸ் துணிக்கடைகளில் வாங்குவோர் துணியைத் தொட்டுப் பார்ப்பர். இணையத்தில் அது இயலாது. ஆகவே, கை அறிவதை எழுத்து அறிவித்தல் வேண்டும்.

“அழகிய சேலை” என்பதனால் பயன் என்ன? “பருத்தி, கையால் முடிச்சிட்டது, நீளம் 5.5 மீட்டர், முதற் சலவையில் சாயம் சற்றுப் போகும், தனியே துவைக்கவும்” என்று எழுதினால் ஐயம் தீரும். முந்தானை, கரை இரண்டையும் பகலொளியில் படமெடுத்திடுக. மொத்த விலையையும் திருப்பித்தரும் முறையையும் தெளிவாகக் கூறுமாறு 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் பணிக்கின்றன.

குறையை மறைத்தால் பொருள் திரும்பி வரும். அந்த அனுப்புகூலியே சிறு ஆதாயத்தை விழுங்கிவிடும். சீட்டுத் தெளிவாயிருப்பின் பார்சல் சேருமிடம் சேரும் என்பதை இரயில்வேயினராகிய நாம் அறிவோம். விற்பனைக்கும் அதுவே விதி.